மிகிந்தலையில் மலையேறினால் மட்டும் போதுமா? அங்குள்ள மடாலய இடிபாடுகளையும் ரிட்டிகலையையும் இரண்டு நாளில் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாக வானில் போகிறீர்கள். எழுபது வயதுத் தாயார், இரண்டு பிள்ளைகள், கையில் இரண்டு நாள். போன தடவை மிகிந்தலையில் மேலே ஏறி வெள்ளைத் தூபியைப் பார்த்துவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிட்டீர்கள். "பெரிய துறவிமடத்தின் இடிபாடுகள் இருக்கின்றன என்கிறார்களே, அவை எங்கே? ரிட்டிகலையையும் இதோடு சேர்க்கலாமா?"

சேர்க்கலாம். மிகிந்தலைக்கு முழுதாக ஒரு நாள், மறுநாள் காலை காட்டுக்குள் இருக்கும் இன்னொரு மட இடிபாடான ரிட்டிகலை. தாயாரை மிகிந்தலையில் முக்கால்வாசி இடத்துக்குக் கூட்டிப்போகலாம், ரிட்டிகலைக்குள் வேண்டாம். போன தடவை இடிபாடுகள் கண்ணில் படாததற்குக் காரணம், வாகனம் உங்களை மேல் தரிப்பிடம் வரை கொண்டுபோய் விட்டதுதான். அந்தப் பாதை பாதிப் படிகளை மிச்சம் பிடிக்கிறது, பார்க்கவேண்டியதில் பாதியையும் கூடவே மிச்சம் பிடித்துவிடுகிறது.

மிகிந்தலை ஒரு மலைக்கோயில் அல்ல. அடிவாரத்தில் வைத்தியசாலை, இடையில் சமையலும் சாப்பாடும் நிர்வாகமும், மேலே வழிபாடு, சுற்றிலும் குகைகள், இவை எல்லாவற்றுக்கும் தண்ணீர் கொடுக்கும் குளங்கள் என்று ஆயிரம் ஆண்டுக்கு மேல் இயங்கிய ஒரு குடியிருப்பு அது. ஒரே மலையும் அல்ல. மிகிந்தலை கந்த, எத் விகாரை கந்த, ஆனைக்குட்டி கந்த, ராஜகிரிலென கந்த என்று நான்கு குன்றுகள், அவற்றுக்கு இடையில் காடு. இடிபாடுகள் தொல்பொருள் திணைக்களத்தின் கையில், சுற்றியுள்ள காடு வனசீவராசிகள் திணைக்களத்தின் சரணாலயம், மேலே உள்ள விகாரை இன்றும் பிக்குகள் வாழும் இடம். ஒரே வளவுக்குள் மூன்று விதமான ஒழுங்கு இருப்பதால்தான் ஓரிடத்தில் செருப்போடு போகலாம், இன்னோரிடத்தில் கூடாது. ஓரிடத்தில் பயணச்சீட்டு கேட்பார்கள், இன்னோரிடத்தில் ஆளே இருக்கமாட்டார்.

முதலில் வாகன ஏற்பாடு. யாழ்ப்பாணம்–கண்டி ஏ9 வீதி மிகிந்தலை வழியாகவே போகிறது. வவுனியாவிலிருந்து மதவாச்சி வழியாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அனுராதபுரத்தில் தங்கினால் கிழக்கே 13 கிலோமீற்றர் வரவேண்டும், புதிய பஸ் நிலையத்திலிருந்து பஸ்களும் உண்டு. முதல் நாள் மாலையே வந்து அனுராதபுரத்திலோ மிகிந்தலையிலோ தங்கிவிட்டு, காலை ஆறரைக்குப் படிக்கட்டின் அடியில் நிற்பதுதான் சரி. யாழ்ப்பாணத்திலிருந்து அன்றைக்கே கிளம்பி வந்தால் பத்து மணி ஆகிவிடும், அப்போது மேலே கருங்கல் சுடத் தொடங்கியிருக்கும்.

ஆறரைக்கு நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் கீழேயே இறங்கிக்கொள்ளுங்கள். தாயாரோடு ஒருவரை வைத்து வானை ஏழே முக்கால் மட்டில் மேல் தரிப்பிடத்துக்கு அனுப்புங்கள். எட்டு மணிக்குப் போசனசாலை முன்றலில் சந்திக்கலாம். பிறகு வான் கீழே வந்து காத்திருக்கட்டும். இந்த ஒரு ஏற்பாட்டில் யாருக்கும் எதுவும் தவறாது.

மொத்தம் 1840 படிகள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எண்ணைக் கேட்டு மலைக்கவேண்டாம். அடியில் உள்ள படிகள் மிக அகலம், உயரம் குறைவு, இருபுறமும் அலரி மர நிழல். இடையிடையே விரிந்த தளங்கள் வரும். நல்ல உடல்நிலையில் உள்ளவர் நிற்காமல் ஏறினால் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் மேலே போய்விடலாம். ஆனால் நீங்கள் நிற்காமல் ஏறக்கூடாது.

முதல் தளம் வந்ததும் வலப்பக்கம் சிறிய படிவரிசை ஒன்று பிரியும். பெரும்பாலானோர் இதைக் கவனிக்காமல் நேரே போகிறார்கள். அது கண்டக சேதியத்துக்குப் போகும் வழி. இலங்கையில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய தூபிகளில் ஒன்று இது. மகாவம்சம் இதன் திருப்பணியைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் லஞ்சதிஸ்ஸ மன்னனோடு சேர்த்துச் சொல்கிறது. சுற்றளவு ஏறத்தாழ 130 மீற்றர். மேற்பகுதி சிதைந்து இப்போது பாதி உயரமும் இல்லை. இடிந்து மண்மேடாகக் கிடந்ததை 1930களில்தான் அகழ்ந்து வெளியே கொண்டுவந்தார்கள். அப்படி மூடிக்கிடந்ததால்தான் சிற்பங்கள் தப்பின. வெள்ளை பூசிப் புதுப்பிக்கப்பட்ட தூபிகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, செங்கல் தெரிய நிற்கும் இது வேறு மாதிரி இருக்கும்.

இங்கே பார்க்கவேண்டியது நான்கு திசையிலும் தூபியை ஒட்டி நிற்கும் 'வாகல்கட' என்னும் முகப்புகள். கிழக்கு முகப்புத்தான் நன்றாக எஞ்சியது, காலை ஏழு மணி வெயில் அதன்மேல் விழும்.  கீழிருந்து மேலாகப் பட்டை பட்டையாகப் பாருங்கள்: யானைகள் வரிசை, குள்ளக் கணங்களின் வரிசை, பறவைகள், பூவேலை. பக்கத் தூண்களின் உச்சியில் விலங்குகள்: கிழக்கில் யானை, மேற்கில் குதிரை, வடக்கில் சிங்கம், தெற்கில் காளை. கணங்களின் நடுவே யானைமுகத்தோடு ஒரு குள்ள உருவம் இருக்கிறது. பிள்ளையார் வடிவத்தின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். பிள்ளைகளிடம் தேடச் சொல்லுங்கள், கால் மணி நேரம் தொல்லை இல்லாமல் போகும்.

தூபிக்குத் தெற்கே பெரிய பாறைகளும் அவற்றின் அடியில் குகைகளும். தேவநம்பியதீச மன்னன் இந்தத் தூபியைச் சுற்றி 68 குகைகளைத் துறவிகளுக்கு ஆயத்தம் செய்ததாக மகாவம்சம் சொல்கிறது. உள்ளே போவதற்கு முன் நிமிர்ந்து பாறையின் விளிம்பைப் பாருங்கள். நீளமாக ஒரு வெட்டு ஓடும். மழைநீர் பாறையோடு வழிந்து உள்ளே வராமல் அந்த வெட்டில் தடுக்கப்பட்டு வெளியே சொட்டிவிடும். மதுரைப் பக்கத்துச் சமணர் குகைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலைப்பாடு உடனே பிடிபடும். வெட்டுக்குச் சற்றுக் கீழே, மழை படாத இடத்தில், பிராமி எழுத்துகள். இந்தக் குகையைக் கொடுத்தவர் இன்னார் என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும். எழுத்தின் பள்ளம் ஆழமில்லாததால் நேரே பார்த்தால் தெரியாது. கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். விரலால் தடவுவதோ சோக்கால் நிரப்புவதோ கூடாது, பாறைத் தோல் உரிந்து எழுத்தே போய்விடும்.

அங்கிருந்து இடைத்தளத்துக்கு. என் கணக்கில் மிகிந்தலையின் உயிர் இந்தத் தளத்தில்தான் இருக்கிறது, மேலே உள்ள வெள்ளைத் தூபியில் அல்ல. இங்கேதான் மேல் தரிப்பிடத்தில் இறங்குவோர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வேகமாகக் கடந்துபோகிறார்கள்.

போசனசாலை என்று பலகை இருக்கும். நடுவில் திறந்த முற்றம், சுற்றித் தூண்கள் நின்ற தாழ்வாரத்தின் அடிக்கற்கள். பக்கத்தில் இரண்டு கல் தொட்டிகள். நீளமானது ஏறத்தாழ ஏழு மீற்றர், சோறு போட்டது, சிங்களத்தில் 'பத் ஒருவ' என்பார்கள். மற்றது கஞ்சிக்கு. தொட்டியை மட்டும் படம் பிடித்துவிட்டு நகராமல் தரையைப் பாருங்கள். தண்ணீர் உள்ளே வந்த கல் வழி எது, கழுவிய நீர் வெளியேறிய வாய் எது, முற்றம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று தேடினால் சமையற்கட்டு, பந்தி, கழுவுமிடம் எல்லாம் தாமாக ஒழுங்குக்கு வரும். நூற்றுக்கணக்கானோருக்கு தினமும் மதியத்துக்கு முன் சாப்பாடு முடியவேண்டும், அதன் பிறகு துறவிகள் உண்பதில்லை. அந்த அவசரத்துக்கு ஏற்ற கட்டடம் இது.

போசனசாலைக்கு மேலே உள்ள தளத்தில், புனித தாதுக்களை வைத்த தாதுமனையின் வாசலில் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் இரண்டு மெருகிட்ட கற்பலகைகள் நிற்கின்றன. நான்காம் மிகிந்து மன்னனின் (956–972) கல்வெட்டு. அந்த எழுத்து நமக்கு வாசிக்க வராது, சிங்களம் தெரிந்தவருக்கும் பத்தாம் நூற்றாண்டு எழுத்து என்பதால் எளிதல்ல. ஆனால் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்டு நின்றால் அந்த இடமே மாறும். துறவிகள் விடியுமுன் எழுந்து தியானம் முடித்து, பல் துலக்கி, முறைப்படி ஆடை உடுத்தி, பிறகுதான் கஞ்சிக்கு வரவேண்டும். சமையற்காரர், பூ கொண்டுவருவோர், ஓவியர், தச்சர், குயவர், மருத்துவர் என்று ஒவ்வொரு வேலையாளுக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு நிலம் என்று தனித்தனியே எழுதப்பட்டிருக்கிறது. வரவுசெலவை அன்றன்றைக்குப் பதிந்து, ஏட்டைப் பெட்டியில் பூட்டி வைத்து, ஆண்டுக் கணக்கைச் சங்கத்தின் முன் வாசிக்கவேண்டும் என்ற விதியும் உண்டு. நம்முடைய கோயில் நிர்வாக சபைகளில் பலவற்றில் இன்றைக்கும் இந்த ஒழுங்கு வரவில்லை என்பது வேறு கதை.

பலகைகளின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் நேர் வெயிலில் எழுத்து ஒளிந்துகொள்ளும். காலை எட்டு, எட்டரை வெயில் நல்லது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க இங்கிருந்து இரண்டு இடம். கீழே, மேல் தரிப்பிடத்தின் பக்கம், பழைய வீதியோரத்தில் சிங்கப் பொக்குணை, பொக்குணை என்றால் குளம். பின்னங்காலில் எழுந்து நிற்கும் ஒரு சிங்கம், ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரம், அதன் வாய்வழியாகத் தண்ணீர் விழுந்திருக்கிறது. மேலே சுற்றி ஓடும் பட்டையில் ஆடுவோர், மல்லர், விலங்குகள். சிங்கத்தின் தசைமுறுக்கைக் கல்லில் கொண்டுவந்த விதம் அனுராதபுர நகரத்துக்குள்ளும் அதிகம் காணாதது. தாயாருக்கு நடக்கவேண்டிய தூரம் மிகக் குறைவு, ஆகவே அவருக்கு முதலில் காட்டவேண்டிய இடம் இது.

இந்தச் சிங்கத்துக்குத் தண்ணீர் வந்தது மேலே உள்ள நாகப் பொக்குணையிலிருந்து. பாறைச் சரிவுகளில் விழும் மழை இயல்பாகவே சேரும் ஒரு பள்ளத்தைக் கட்டி உயர்த்தி, நிரந்தர நீர்த்தேக்கமாக்கி, அங்கிருந்து கல் வாய்க்காலிலும் குழாயிலும் கீழே இறக்கினார்கள். பம்பு எதுவும் தேவையில்லை, மலையே பம்பு. குளத்தின் பின்பாறையில் ஐந்து தலை நாகம் படமெடுத்தபடி நீரிலிருந்து எழுவதுபோல் செதுக்கப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் நீர் ஏறினால் நாகத்தின் கீழ்ப்பகுதி மூழ்கிவிடும். ஆவணி புரட்டாசி வரட்சியில் முழு உருவமும் தெரியும், ஆனால் குளம் பச்சைப் பாசியாகக் கிடக்கும். இறங்குவதற்கு ஏற்ற குளம் அல்ல, கரை வழுக்கும், ஆழம் ஒரே சீரில்லை. இதற்குப் போகும் வழி இடைத்தளத்திலிருந்து மேலே ஏறும் படிகளில் பாதியில் வலப்பக்கம் பிரிகிறது. ஏறும்போது விட்டுவிட்டு இறங்கும்போது போவது நல்லது, ஏனென்றால் காலை நேரத்தின் குளிர்ச்சியை உச்சிக்கு மிச்சம் வைக்கவேண்டும்.

உச்சித் தளம் அம்பஸ்தலை. வெளிநாட்டவருக்கான சீட்டு இந்தத் தளத்தின் வாசலில்தான், இலங்கைக் குடிமக்களுக்குக் கட்டணம் இல்லை. அனுராதபுரச் சீட்டு இங்கே செல்லாது, உறவினர் யாராவது வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இங்கே செருப்பு, தொப்பி இரண்டையும் கழற்றவேண்டும். செருப்புக் காப்பவருக்குக் கொடுக்கச் சில்லறை வைத்திருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, வெள்ளையோ வெளிர் நிறமோ என்றால் நல்லது. பத்து மணிக்குப் பிறகு மணலும் கல்லும் பாதத்தைப் பொசுக்கும். தடித்த காலுறை ஒரு சோடி போட்டுக்கொண்டால் போதும், அதை யாரும் தடுப்பதில்லை. பிள்ளைகள் அழுது ஒரு பகல் பாழாவது பெரும்பாலும் இந்தக் காலுறை இல்லாததால்தான்.

நடுவில் உள்ள சிறிய தூபிதான் இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரும் தேவநம்பியதீசனும் சந்தித்ததாக மரபு சொல்லும் இடம். கி.மு. 3ஆம் நூற்றாண்டு, பொசொன் பௌர்ணமி, மன்னன் மான் வேட்டையில். தூபியைச் சுற்றி வட்டமாக நிற்கும் தூண்கள் ஒரு காலத்தில் கூரையைத் தாங்கியவை. இப்போது கூரை இல்லாத தூண்களாக நிற்பதைப் பலர் அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆராதனா கல என்னும் செங்குத்துப் பாறை கிழக்கே நிற்கிறது. பாறையில் வெட்டிய சிறிய படிகளும் இரும்புக் கைப்பிடியும் உண்டு. ஏறுவதும் இறங்குவதும் ஒரே ஒடுங்கிய வழி, உச்சியில் காற்று பலம், போயா நாட்களில் நடுவழியில் நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்பதரைக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். மழை பெய்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறவேண்டாம். தாயார் கீழேயே நிழலில் இருக்கட்டும். அம்பஸ்தலை வரை போசனசாலையிலிருந்து வரும் படிகள்தான் அவருக்குச் சோதனை, ஒவ்வொரு தளத்திலும் உட்கார்ந்து ஏறினால் இயலும். முழங்கால் வலி இருந்தால் போசனசாலையோடு நிறுத்தி, சிங்கப் பொக்குணையைக் காட்டி, கீழே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவது மேல்.

மகாசேயம் என்னும் பெரிய வெள்ளைத் தூபி எதிர்ப்பக்கக் குன்றில். 1ஆம் நூற்றாண்டில் மகாதாதிக மகாநாகன் கட்டியது, இப்போது பார்ப்பது முழுதும் புதுப்பித்த வடிவம். வழிபாட்டுக்கும் காட்சிக்கும் நல்ல இடம். அனுராதபுரத்தின் தூபிகள் மேற்கே காட்டுக்கு மேல் குமிழ் குமிழாகத் தெரியும். அதற்கு மேல் இங்கே அதிக நேரம் தேவைப்படாது.

அதைவிட மகிந்த குகைக்கு நேரம் கொடுங்கள். அம்பஸ்தலையிலிருந்து பாறைகளுக்கிடையே இறங்கும் ஒற்றையடிப் பாதை, பத்து நிமிட நடை. ஒரு பெரும்பாறை இன்னொன்றின்மேல் சாய்ந்து நிற்க, நடுவில் ஒரு மனிதர் நீட்டிப் படுக்குமளவு வழவழப்பான கற்பலகை. அதன் அப்பால் நேரே பள்ளம். தடுப்புச்சுவர் என்று பெரிதாக எதுவும் கிடையாது, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும்.

எத் விகாரை இந்தக் குன்றுகளில் மிக உயர்ந்தது. நாகப் பொக்குணையிலிருந்து இன்னும் சில நூறு படிகள், நிழல் குறைவு. மேலே இடிந்த சிறு தூபி ஒன்றும் சுற்றிலும் வெறும் வானமும். இடிபாட்டுக்காக ஏறவேண்டியதில்லை, காட்சிக்காகவும் ஆளில்லாத அமைதிக்காகவும் ஏறலாம். பதினொரு மணிக்குமேல் தண்ணீர் தீர்ந்த நிலையில் ஏறத் தொடங்குவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் கீழிருந்தே கொண்டுவாருங்கள்.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. படிக்கட்டில் திரியும் சிறிய செம்மண் நிறக் குரங்குகள் பொலித்தீன் பை சரசரத்தாலே வந்துவிடும். பூசைப் பூத் தட்டும் வாழைப்பழமும் கையில் பகிரங்கமாக இருக்கக்கூடாது. பிடுங்கினால் விட்டுவிடுங்கள். இழுபறி செய்தால் கடிக்கும், கடித்தால் அன்றைக்கே விசர்நாய்த் தடுப்பூசிக்கு அனுராதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், பயணம் அத்தோடு முடிந்தது.

பன்னிரண்டு மணிக்கு முன் கீழே இறங்கிவிட்டால் அடிவாரத்து வைத்தியசாலை இடிபாடு. இரண்டாம் சேனன் (853–887) காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. நடு முற்றம், அதைச் சுற்றிச் சிறிய அறைகள், நோயாளிக்கு ஓர் அறை. முற்றத்தின் நடுவில் வழிபாட்டிடம், அறையில் படுத்தபடியே பார்க்கலாம். தனியாக ஒரு கூடத்தில் 'பெஹெத் ஒருவ' என்ற மருந்துத் தொட்டி: ஒரே கல், உட்புறம் தலை, தோள், உடல், கால் என்று மனித வடிவத்திலேயே குடையப்பட்டிருக்கிறது. சதுரமாகக் குடைந்திருந்தால் ஓர் ஆளை மூழ்கடிக்கப் பல மடங்கு தைலமோ கஷாயமோ தேவைப்பட்டிருக்கும். உடம்பின் வடிவத்துக்கே குடைந்தால் குறைந்த மருந்தில் நிறையும். தலைப்பக்கமும் காற்பக்கமும் நின்று உட்சுவரைப் பார்த்தால் இது விளங்கும். உள்ளே படுத்துப் படம் எடுக்க யாரையும் விடாதீர்கள். காவலர் திட்டுவார் என்பதற்காக மட்டுமல்ல, அது பதிவு செய்யப்பட்ட தொல்பொருள்.

சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் பிறகு மாலை மூன்றரைக்குக் களுதிய பொக்குணை. மேற்கு அடிவாரத்தில், காட்டின் விளிம்பில், பழைய வீதி வழியாக வாகனத்திலேயே கிட்டப்போகலாம். தரை பெரும்பாலும் சமதரை, மர நிழல், தாயாருக்கு முழுதாகப் பார்க்க ஏற்ற இடம். பெரிய செவ்வகக் குளம், அதன் கரையைச் சுற்றி 10, 11ஆம் நூற்றாண்டுத் துறவிமடத்தின் எச்சங்கள்: தூபி, மண்டபங்களின் அடித்தளங்கள், பாறைக்கடியில் கட்டிய கதவும் சாளரமும் வைத்த அறை, நடைபாதைகள். பாறையையும் மரத்தையும் அகற்றாமல் அவற்றுக்கு இடையிலேயே கட்டியிருக்கிறார்கள். கூட்டம் இராது. ஐந்தரைக்குள் வெளியே வந்துவிடுங்கள், காட்டோரத்தில் இருட்டு சீக்கிரம் இறங்கும்.

சட்டம் பற்றி நம்மவர்கள் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டியது உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இடிந்த செங்கல் குவியலாகத் தெரிவதும் சட்டப்படி தூபிதான். 2019இல் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர், மிகிந்தலையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ12 வீதியில் உள்ள ஹொரவப்பொத்தானைக்கு அருகே கிரலாகல தூபியின்மேல் ஏறி எடுத்த படங்கள் இணையத்தில் பரவியதால் கைதாகி, விளக்கமறியலில் இருந்து, ஆளுக்கு 50,000 ரூபா தண்டம் கட்டினார்கள். ஆகவே இடிந்த தூபியின்மேல் கால் வைக்கவேண்டாம், உட்காரவேண்டாம், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிச் செல்பி எடுக்கவேண்டாம். ஓட்டுத்துண்டோ செங்கல்லோ நினைவுக்கென்று பையில் போடவேண்டாம். ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. பிள்ளைகளுக்கு இதை வானிலேயே சொல்லி இறக்குங்கள். "அடித்தளத்தின்மேல் ஓடாதே" என்று அங்கே போய்க் கத்துவது எடுபடாது.

இனி ரிட்டிகலை. ஹபரணை–மரதங்கடவல வீதியிலிருந்து வடக்கே கிராம வழியால் உள்ளே திரும்பவேண்டும். மலையுச்சி 766 மீற்றர், இலங்கையின் வடசமவெளியில் இதைவிட உயர்ந்தது இல்லை. 1941இலிருந்து கடுமையான இயற்கை ஒதுக்ககம், அதாவது காட்டுக்குள் ஆய்வு அனுமதி இல்லாமல் யாரும் போகக்கூடாத வகை. தொல்பொருள் திணைக்களம் திறந்துவைத்திருக்கும் நடைபாதை மட்டும்தான் நமக்கு. அந்தப் பாதை முடியும் இடத்தில் "இன்னும் மேலே கூட்டிப்போகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் ஒத்துக்கொள்ளவேண்டாம், பிடிபட்டால் வழக்கு உங்கள்மேல்தான். அனுமான் சஞ்சீவி மலையைத் தூக்கிவந்தபோது விழுந்த துண்டு என்ற கதை இங்கேயும் உண்டு, மூலிகைச் செடி பிடுங்கும் ஆசைக்கு அது காரணமாகிவிடக்கூடாது.

மிகிந்தலையைப் பார்த்த மறுநாள் இதைப் பார்ப்பதில்தான் சுவாரசியம், ஏனென்றால் இது நேர் எதிர். முதலாம் சேனன் (833–853) காலத்தில் பாம்சுகூலிகர் என்ற, கந்தல் ஆடை உடுத்தும் கடுந்துறவிகளுக்காக அமைந்த மடம். தூபி இல்லை, சிலைமனை இல்லை, போதிமரம் இல்லை, சிற்பம் இல்லை. வாசலில் பண்டா பொக்குணை, பல கோணங்கள் கொண்ட பெருங்குளம், சுற்றிவரப் படிகள், சுற்றளவு 360 மீற்றருக்கு மேல். மழைக்காலம் தவிர மற்ற நாளில் நீர் பெரும்பாலும் இருக்காது, புல்தான். அதைத் தாண்டி, ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் பொருந்தும்படி வெட்டிய கற்கள் பாவிய நடைபாதை காட்டுக்குள் ஏறுகிறது. நடுவில் வட்டமான சந்தி ஒன்றுகூட உண்டு. வழியில் மருந்தரைக்கும் கற்கள் கிடக்கும் வைத்தியசாலை.

பாதையின் மேற்பகுதியில் இரட்டை மேடைகள். ஒரு மேடைக்கும் அடுத்த மேடைக்கும் இடையில் ஒரே கல்லாலான பாலம். ஒரு மேடையில் தூண்கள் நின்று கூரை இருந்திருக்கிறது, மற்றது திறந்தவெளி, தியானத்துக்கு. எந்த அலங்காரமும் இல்லாத இந்த மடங்களில் சிறுநீர்க் கற்களில் மட்டும் வேலைப்பாடு இருக்கும். அனுராதபுரத்தின் மேற்கு மடங்களில் அந்தக் கற்களில் மாளிகை வடிவங்களே செதுக்கப்பட்டிருக்கின்றன. செல்வச் செழிப்பில் இருந்த பெருமடங்கள்மேல் இவர்களுக்கிருந்த எள்ளலை அது காட்டுகிறது என்பது ஒரு விளக்கம். முந்தின நாள் சோற்றுத் தொட்டியையும் சம்பளப் பட்டியலையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த விளக்கம் ஏற்கக்கூடியதாகவே படும்.

ரிட்டிகலைக்கு போய்வர இரண்டு, இரண்டரை மணி நேரம். மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை. கார்த்திகையிலிருந்து தை வரை பாவுகற்களில் பாசி பிடித்து வழுக்கும், அட்டையும் ஏறும். காலுறைக்கு வெளியே சவர்க்காரமோ வேப்பெண்ணெயோ தடவினால் ஓரளவு தடுக்கும். கடையோ தண்ணீரோ உள்ளே கிடையாது. காலை எட்டுக்கு நுழைந்து பத்தரைக்கு வெளியே வாருங்கள், மாலையில் அணுகு வீதியில் யானை நடமாட்டம் உண்டு. தாயாரும் அவரோடு ஒருவரும் பண்டா பொக்குணை வரை வந்து அங்கேயே இருக்கலாம், அதற்கு மேல் படிகள் ஒழுங்கில்லை.

எப்போது போவது என்றால், மாசி பங்குனி நல்லது: மழை ஓய்ந்து குளங்களில் நீர் இருக்கும், வெயில் இன்னும் உச்சத்துக்கு வந்திராது. சித்திரை முதல் புரட்டாசி வரை போவதென்றால் அதிகாலையும் மாலையும்தான். ஆனி மாதப் பொசொன் போயாவை ஒட்டிய நாட்களில் லட்சக்கணக்கில் யாத்திரிகர் வருவார்கள், வீதிகள் மூடப்படும், தன்சல்களில் இலவசச் சாப்பாடு கிடைக்கும். திருவிழாவைப் பார்க்க அது அருமையான காலம். கண்டக சேதியத்தின் யானைமுகத்தைத் தேட அல்ல.

திரும்பும் வழியில் மறுபடி ஏ9 எடுக்காமல் ஒரு நாள் கூட்ட முடிந்தால், மிகிந்தலையிலிருந்து ஏ12 நேரே திருகோணமலைக்குப் போகிறது. திருகோணமலையை நெருங்கும்போது வெல்கம் விகாரை வரும். சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு தமிழர் கொடையளித்த பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டுகளோடு இன்றும் நிற்கிறது. ஊரில் நாதனார் கோயில் என்றும் சொல்வார்கள். பார்க்க ஒரு மணி நேரம் போதும், இரவு திருகோணமலையில் தங்கலாம்.